பித்து வேறு, வெறி வேறு!

தமிழில் இரு சொற்கள் உள. ஒன்று பித்து, மற்றொன்று வெறி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமையை ஏடறியாத ஊர்ப்பாட்டியும் அறிவாள். "பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டதே" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கும். "அவனுக்கு வெறி பிடித்திருக்கிறது" என்று சொல்லும்போது அவள் கை கதவைத் தாழிடும். இரக்கத்திற்கு ஒரு சொல்லும் எச்சரிக்கைக்கு ஒரு சொல்லுமாகப் பிரித்து வைத்த மொழி இது.

இவ்வேற்றுமையை இன்று அறியாதவர் யார் எனின், நாள்தோறும் பல இலக்கம் படிகள் அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் விற்கும் நாளேட்டுக்காரரும், திரைப்படக்காரரும், தொலைக்காட்சிச் செய்தியாளருமே. அறியாதது மட்டுமன்று, அறியவேண்டிய தேவையே எழாதபடி, இரண்டையும் ஒரே வாயில் விழுங்கும் அயற்சொல் ஒன்றைக் கைவயம் வைத்துள்ளனர். அதுதான் 'சைக்கோ'. பெண்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்றவன் பிடிபட்டால் அவன் 'சைக்கோ கொலைகாரன்'. காதலிக்க மறுத்தவள்மேல் அமிலம் வீசியவன் 'சைக்கோ இளைஞன்'. 2020-இல் இப்பெயரே தாங்கித் தமிழ்த் திரைப்படம் ஒன்றும் வந்தது. அதே சொல்லைத்தான், தனக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் மாணவனைப் பார்த்துப் பள்ளி முற்றத்தில் மற்றவர் கூவுகின்றனர். அதே சொல்லைத்தான், திங்கள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்கி வந்து, தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் தெரு சொல்கிறது. கொன்றவனுக்கும் அச்சொல், கொசுவையும் கொல்லாதவனுக்கும் அச்சொல்!

இதில் என்ன கேடு, மக்களுக்குப் புரிகிறதே என்பார் உளர். புரிவதுதான் கேடு. நோயுற்றவன் கொல்வான் என்று புரிகிறது. கொன்றவன் நோயுற்றவன் என்று புரிகிறது. இரண்டும் பொய். இரண்டு பொய்களை நாள்தோறும் காலையில் கதவிடுக்கில் செருகிச் செல்லும் வேலையைத்தான் அவ்வொரு சொல் செய்கிறது.

பித்தும் வெறியும் தமிழில் எப்படிப் பிரிந்து நின்றன என்று காண்பதற்கு முதுகுன்றத்தைவிட ஏற்ற ஊர் வேறில்லை. தொடர்வண்டி நிலையத்துப் பலகையில் விருத்தாசலம் என்று எழுதப்பட்டிருக்கும் அதே ஊர்தான். முதுமை 'விருத்த' ஆயிற்று; குன்றம் 'அசலம்' ஆயிற்று. ஊரின் பெயரை மொழிபெயர்த்துவிட்டால் ஊரே தம்முடையது ஆகிவிடும் என்று எண்ணியவர் செய்த வேலை அது. ஆயினும் அங்குள்ள கோயிலில் இறைவன் பழமலைநாதர் என்னும் பெயரோடு இன்னும் தமிழராகவே நிற்கிறார், இறைவி பெரியநாயகி.

இவ்வூரோடு பிணைந்தவர் நம்பியாரூரர் என்னும் சுந்தரர். அவர் முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழியை இக்கதையோடு சேர்த்துச் சொல்வது இவ்வட்டாரத்தார் வழக்கம். அந்த நம்பியாரூரரின் திருமண நாளில், 'நீ எனக்கு அடிமை' என்று ஓலையோடு வந்து நின்றார் ஒரு முதியவர். அவரை நம்பியாரூரர் 'பித்தன்' என்று இகழ்ந்தார். வெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு முதியவர் பக்கம் தீர்ந்தது. வந்தவர் இறைவன் எனத் தெளிந்தபின், என்ன சொல்லிப் பாடுவேன் என்று நின்றவரிடம், இகழ்ந்த அதே சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடுமாறு கட்டளை பிறந்தது. இக்கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. மொழி பற்றிய உண்மை ஒன்று இதில் உண்டு. அதை இருவரும் மறுக்க இயலாது. பித்தன் என்னும் சொல் வசையாகப் பிறந்து அன்பாக மாறுவதற்குத் தமிழில் இடம் இருந்தது. 'வெறியனே' என்று இறைவனை விளித்து உருகிய தமிழன் எவனும் இலன். அச்சொல் அந்த மாற்றத்திற்கு இடங்கொடாது.

முந்நூறு கல் தொலைவுச் சான்று வேண்டா. இந்நூற்றாண்டுக்கு அருகிலேயே ஒன்று உண்டு. 1906-இல் இதே கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு இட்ட பெயர் விருத்தாசலம். வளர்ந்து சிறுகதை எழுத வந்தபோது அந்த விருத்தாசலம் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் புதுமைப்பித்தன். ஊர்ப்பெயரை விட்டார், பித்தைப் பூண்டார். புதுமைவெறியன் என்று எவரேனும் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்வரா? பித்துக்குளி முருகதாசு என்று ஓர் இசைவாணர் அண்மைக்காலம் வரை வாழ்ந்தார். அப்பெயரைக் கேட்டு அஞ்சி எவரும் ஓடவில்லை. பாட்டுக் கேட்கவே கூடினர்.

'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்பது நாடறிந்த பழமொழி. இதில் பித்துக்கு எதிர்ச்சொல்லாக வைக்கப்பட்டிருப்பது தெளிவு அன்று, கல் என்பதை உற்று நோக்குக. பித்து என்பது நெஞ்சு தன் அளவு கடந்து நெகிழ்ந்து, உலக நடப்பின் கட்டை விட்டு நழுவிய நிலை. கல் என்பது நெகிழவே நெகிழாத நிலை. கண்ணெதிரே ஒருத்தி துடிப்பதைக் கண்டும் கை நடுங்காத கொலைஞன் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தவன்? பழமொழி சொன்ன கிழவியைக் கேட்டால் அவள் சொல்வாள். நாளேட்டு ஆசிரியரோ கல்லையும் பித்தையும் ஒரே கூடையில் அள்ளிப்போட்டு 'சைக்கோ' என்று மேலே எழுதி ஒட்டுகிறார்.

வெறி என்னும் சொல் பழமையானது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வெறியாட்டு உண்டு. வேலன் முருகன் ஏறப்பெற்று ஆடுவது அது. நறுமணத்திற்கும் வெறி என்று பெயர். கள்ளின் மயக்கத்திற்கும் வெறி என்று பெயர். மணமும் கள்ளும் தெய்வமும் வெளியிலிருந்து வந்து ஒருவனைப் பற்றி ஆட்டுவன. பற்றிய விசை பிறர்மேல் பாயத் தொடங்கிய இடத்தில் அச்சொல்லுக்கு இன்றுள்ள பொருள் பிறந்தது: வெறிநாய், குடிவெறி, சாதிவெறி, மதவெறி, கொலைவெறி. பித்து தன்னுள் உழலும். வெறி பிறர்மேல் பாயும். (தமிழைத் தமிழாக எழுதுக என்பாரைத் 'தமிழ்வெறியர்' என்று பழிப்போர் எவரைக் கடித்த புண்ணைக் காட்டுவர்? அதுவும் சொற்பொருள் அறியாமையே.)

பித்து என்பதன் வேர் எம்மொழிக்கு உரியது என்னும் வழக்கை ஈண்டு விரிக்கவேண்டா. பைத்தியம் என்னும் வடமொழி வடிவம் தமிழ்நாட்டில் புகுந்து, பித்துக்கு இருந்த இரக்கத்தை நீக்கிவிட்டு எள்ளலை மட்டும் வைத்தது என்பதே இங்கு வேண்டுவது. பித்தன் என்று கோயிலில் பாடுவர். பைத்தியக்காரன் என்று தெருவில் கல்லெறிவர். கல்லெறிந்த தெருவும் தமிழ்த் தெருவே என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பைத்தியமும்கூடக் கொலைஞனைக் குறிக்கவில்லை. அந்தக் கடைசிப் படியில் இறங்கியது 'சைக்கோ' வந்த பின்னரே.

வள்ளுவரிடம் ஒரு நுட்பம் உண்டு. பேதைமை என்னும் 84-ஆம் அதிகாரத்தில், அறிவிலான் கையில் செல்வம் சேர்ந்ததைப் பித்துப் பிடித்தவன் கள்ளும் உண்டதற்கு ஒப்பிடுகிறார். அங்கே பித்துக்கு அவர் ஆளும் சொல் மையல். (இன்று திரைப்பாட்டுக்காரர் கையில் அது காதலாகிவிட்டது.) மையல் வேறு, களிப்பு வேறு, இரண்டும் சேர்வதே இடர் என்பது அவ்வுவமையின் உயிர். உளநோயுற்றோரால் நேரும் வன்செயல்களை ஆய்ந்த இற்றைநாள் மருத்துவ அறிஞரும், அவற்றில் பெரும்பகுதி நோயோடு குடியும் மயக்கப் பொருளும் சேர்ந்த இடத்திலேயே காணப்படுகிறது என்கின்றனர். ஈராயிரம் ஆண்டுக்கு அண்மிய பழமையுடைய நூலில் பிரித்துக் காட்டியதை, இன்றைய செய்தியாளர் மூன்றெழுத்தில் கலக்கிவிடுகிறார்.

இனி, அயலவர் மருத்துவத்திலேனும் இச்சொல்லுக்கு இடம் உண்டா எனின், இல்லை. 'சைக்கோ' என்று ஒரு நோயும் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. கிரேக்கத்தில் மூச்சு, உயிர் என்று பொருள்படும் ஒரு சொல்லின் தலைத்துண்டு அது. அத்தலையோடு தொடங்கும் இருவேறு சொற்கள் மருத்துவத்தில் உள. ஒன்று 'சைக்கோசிசு'. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செருமானிய மொழி பேசிய மருத்துவர் எழுத்தில் அது பிறந்தது. யாரும் பேசாதபோது குரல் கேட்பதும், ஊரே தன்னைச் சூழ்ந்து கெடுக்க முனைகிறது என்று அசைக்க முடியாமல் நம்புவதும், உள்ளதற்கும் இல்லாததற்கும் எல்லை அழிவதும் அந்நிலை. உளச்சிதைவு எனத் தமிழ் மருத்துவர் எழுதும் நோய் இவ்வகையது. உலக மக்களில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அந்நோய் உண்டு என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. இதற்கு மருந்து உண்டு. 1952-இல் பிரான்சில் முதல் மருந்து பயனுக்கு வந்தது.

மற்றொன்று 'சைக்கோபதி'. அதன் வரலாறு வேறு. 1888-இல் கோக்கு என்னும் செருமானிய மருத்துவர் அதற்கு முந்திய வடிவத்தை ஆண்டார். 1941-இல் அமெரிக்க மருத்துவர் கிளெக்லி அதன் இயல்புகளை விரித்து ஒரு நூல் எழுதினார். அந்நூலின் தலைப்பே 'தெளிவு என்னும் முகமூடி' என்று பொருள்படுவது. அப்படிப்பட்டவனுக்குக் குரல் கேட்பதில்லை, மயக்கம் இல்லை, உள்ளது எது, இல்லது எது என்று நன்கறிவான். அவனிடம் இல்லாதது பிறர் துன்பம் தன்னைத் தைக்கும் இயல்பு. செய்த தீமைக்கு நாணும் இயல்பு. அதற்கு மாத்திரையும் இல்லை. அத்தகையோர் எல்லாரும் கொலைஞரும் அல்லர். கொலைஞர் எல்லாரும் அத்தகையோரும் அல்லர். ஒருவனுக்கு இல்லாத குரல் கேட்கிறது. மற்றொருவனுக்கு எதிரே அலறும் குரலும் கேட்பதில்லை. இவ்விருவரையும் ஒரு பெயரால் அழைப்பது எந்த ஊர் அறிவு?

அது ஆலிவுட்டு ஊர் அறிவு. 1960-இல் இட்சுகாக்கு எடுத்த படத்தின் பெயர் அது. இராபர்ட்டு பிளாக்கு 1959-இல் எழுதிய புதினத்தின் பெயரும் அதுவே. அதற்குத் தூண்டுகோலானவன் 1957-இல் விசுகான்சினில் பிடிபட்ட கொலைஞன் ஒருவன். அவன் மெய்யாகவே நோயுற்றவன் எனக் கண்டு, 1984-இல் சாகும்வரை மருத்துவமனைகளிலேயே வைத்திருந்தனர். நோயும் கொலையும் ஒருவனிடம் சேர்வது ஒருபோதும் நடவாதது அன்று. நோய் முற்றிப் பண்டுவம் இன்றி விடப்பட்டோர் சிலர் பிறரைத் தாக்கியதும் உண்டு. அவ்வரிய நிகழ்ச்சியை எடுத்து அந்நோயர் அனைவர் நெற்றியிலும் ஒட்டியதுதான் அப்படம் செய்த வேலை. நோயரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவதும் ஏய்க்கப்படுவதுமே அவர் வாழ்வில் மிகுதி.

முதுகுன்றத்துக்கு மீண்டும் வருவோம்; அவ்வூர்ச் சூளைகளில் இவ்வழக்குக்கு நேரான பாடம் கிடக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்த வெண்களிமண் அருகிலேயே கிடைக்கும் வட்டாரம் இது. இங்குப் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலுக்குப் பட்டயம் தரும் அரசுப் பயிலகமும் உள்ளன. (பீங்கான் என்பதே அயற்சொல்தான், அவ்வழக்கை மற்றொரு நாள் எடுக்கலாம்.) மின்காப்புப் பொருள்களும் பொம்மைகளும் இச்சூளைகளில் வெந்து வெளிவருகின்றன.

பீங்கானின் மேற்பூச்சில் இருவகைப் பழுதுகள் நேரும். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது, பூச்சு உள்ளே உள்ள மண்ணைவிட மிகுதியாகச் சுருங்கினால், அது இழுபட்டு மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபோலப் பரவும். தொழிலாளர் அதைக் 'கிரேசிங்' என்பர். பூச்சு மண்ணைவிடக் குறைவாகச் சுருங்கினாலோ, அது நெருக்குண்டு விளிம்புகளில் செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். முதற்பழுதுக்கு மருந்து, பூச்சுக் கலவையில் வெங்கச்சங்கல் மாவைக் கூட்டுவது. இரண்டாவதற்கு அதைக் கூட்டினால் பழுது இன்னும் மிகும், அங்கே குறைக்கவேண்டும். இரண்டும் பூச்சின் பழுதுதானே என்று ஒரே பெயரிட்டு ஒரே மருந்தைக் கொட்டுபவனைச் சூளையின் அருகில் எவரும் விடார். ஒரு சூளைச் சரக்கு முழுதும் பாழாகும். மண் பாண்டத்துக்கு இருக்கும் இச்சொல்வளம் மாந்தனுக்கு மறுக்கப்படுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தக் 'கிரேசிங்'கும், ஆங்கிலத்தில் பித்தனைக் குறிக்கும் 'கிரேசி'யும் ஒரே வேரின. அவ்வேருக்குப் பொருள் உடைதல், வெடித்தல். ஆங்கிலேயன் நோயுற்ற மாந்தனைக் கீறல் விழுந்த கலமாகவே பார்த்தான். பித்தனுக்கு அவன் இட்ட மற்றொரு பெயர் நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முழுநிலவு அறிவைக் கெடுக்கும் என்ற குருட்டு நம்பிக்கையின் எச்சம் அது. 1794-இல் சென்னையில் தொடங்கிய காப்பகத்துக்கும் அந்நிலவுப் பெயரே பலகையாய் நின்றது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. 1922-இல்தான் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பில் ஏறிய நிலவு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறங்கிற்று. 2017-இல் வந்த சட்டம் நோயரின் உரிமைகளைப் பற்றியே பேசுகிறது. ஆங்கிலத்தார் தம் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தெருவில் எறிந்த குப்பையைத் தமிழ் நாளேட்டார் பொறுக்கி எடுத்துக் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றனர். திரைப்பட நகைச்சுவையில் 'கீழ்ப்பாக்கம்' என்று ஓர் இடப்பெயரே வசையானதும் இவ்வழியில்தான்.

சொல்தானே என்பாருக்கு ஏர்வாடி விடை சொல்லும். 2001 ஆகசுட்டு 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உளநோயரை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. தளையிட்டுக் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் எவரையும் கொன்றவர்கள் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள். மருத்துவமனைக்கு மாறாகத் தளைக்கு ஏன் கொண்டுபோயினர்? வறுமை ஒரு கரணியம். அறியாமை ஒரு கரணியம். ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம் மற்றொரு கரணியம். ஊர் சொல்லும் அந்தச் சொல்லைப் பற்றியதே இவ்வழக்கு. அன்றைக்கு ஊர் பைத்தியம் என்றது. இன்றைக்கு அதைவிடக் கொடிய சொல்லை நாளேடு கற்றுக்கொடுத்திருக்கிறது. மகனுக்கு நோய் தொடங்கியிருக்கிறது என்று ஐயுறும் தாய், காலையில் 'சைக்கோ' என்று கொலைஞன் படத்தோடு வந்த செய்தியைப் படிக்கிறாள். மருத்துவரிடம் சென்றால் தன் மகனுக்கும் அப்பெயர்தானே வரும்? அவள் ஒரு திங்கள் தள்ளிப்போடுகிறாள், பிறகு ஓராண்டு. இந்நோய்க்குத் தொடக்கத்திலேயே பண்டுவம் செய்வதில்தான் மீட்சி மிகுதி என்பது மருத்துவர் ஒருமுகமாகச் சொல்வது. அவ்வோராண்டை அந்த மகனிடமிருந்து பறித்தது எது?

சட்டத்தின் பக்கமும் பார்க்க. செய்வது இன்னதென்றும் அது தவறென்றும் அறிய இயலாத அளவுக்கு உளம் கெட்டிருந்தவன் செய்த செயல் குற்றம் ஆகாது என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் 'பாரதிய நியாய சங்கிதை' என்று வாயில் நுழையாப் பெயரோடு வந்துள்ள சட்டத்திலும் 22-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. இவ்விலக்கு நோயுற்றவனுக்கு உரியது; தெளிவாய்த் திட்டமிட்டுக் கொன்ற கல்நெஞ்சனுக்கு இல்லை. ஆகவே அறமன்றத்தில் இவ்விருவரையும் பிரிப்பதுதான் வழக்கின் உயிரே. அறமன்றம் திங்கட்கணக்கில் மருத்துவரை உசாவிப் பிரிக்கவேண்டியதை, காவல்நிலைய வாயிலில் நின்ற செய்தியாளர் அன்று மாலையே கலந்துவிடுகிறார். கொன்றவனுக்கும் இதில் ஊதியம்: அவனது கொடுமை நோயாகிவிடுகிறது, 'பாவம், சைக்கோ' என்று சொல்லவும் சிலர் கிளம்புகின்றனர். செத்தவளுக்கு அது இரண்டாவது அநீதி.

இதுவரை பிறர் பிழை. இனித் தூயதமிழ் அன்பர் சிலர் பிழையையும் சொல்லவேண்டும். 'சைக்கோ கொலைகாரன்' என்பதைக் கண்டு முகஞ்சுளித்து, அதை 'உளநோய்க் கொலைஞன்' என்று மாற்றி எழுதுவார் உளர். அயலெழுத்துப் போயிற்று, நஞ்சு போகவில்லை. முன்னே பொருள் தெரியாத சொல்லால் ஏசினர். இப்போது நோயர் அனைவருக்கும் தெளிவாகப் புரியும் தமிழிலேயே ஏசுகின்றனர். சொல்லுக்குச் சொல் வைப்பது அகரமுதலிக்காரன் வேலை. பொருளைப் பிரித்துக்கொண்டு சொல் வைப்பதே புலவன் வேலை. தமிழ் தூய்மையாய் இருந்து அதன் வழியாகப் பொய் ஓடுமானால், அக்கால்வாயைத் தூர் எடுத்ததால் விளைந்த பயன் யாது?

கொன்றவனைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கொலைஞன், கொடியன், வன்னெஞ்சன், கொலைவெறியன் என்று எத்தனையோ உள. இரக்கம் என்னும் இயல்பே இல்லாதவன் என்று மருத்துவர் துணிந்த இடத்தில் 'அருளிலி' எனலாம். நோயைக் குறிக்கும் சொல்லில்தான் ஆராய்ச்சி வேண்டும். இன்று வழங்கும் உளச்சிதைவு, மனச்சிதைவு என்பவற்றில் 'சிதைவு' பொருந்துமா? சிதைந்த கலம் சிதைந்ததுதான். சுட்ட மண் மீண்டும் ஒட்டாது என்பதை முதுகுன்றத்துச் சூளைத் தொழிலாளி அறிவார். நோயுற்றோரோ மீள்கின்றனர். முழுதும் மீள்வோர் உளர். மாத்திரையின் துணையோடு வேலை பார்த்துக் குடும்பம் நடத்துவோர் பலர் உளர். மீள்கின்ற ஒன்றுக்கு மீளாத பெயரை இடுவது இலக்கணப் பிழை.

இலக்கணத்திலேயே அதற்குரிய சொல்லும் இருக்கிறது. அது திரிபு. பல் என்பதும் பொடி என்பதும் புணர்ந்தால் பற்பொடி. லகரம் றகரமாய்த் திரிந்தது. பிரித்தால் பல், பல்லாகவே நிற்கிறது. திரிபு அழிவன்று, ஒரு சேர்க்கையில் நேர்ந்த மாறுதல், அச்சேர்க்கை நீங்கினால் இயல்பு உள்ளே கெடாமல் இருப்பது தெரியும். ஆகவே 'சைக்கோசிசு' என்னும் நிலைக்கு உளத்திரிபு என்பது பொருந்தும். மருத்துவரும் புலவரும் கூடி ஆய்ந்து இதைவிட நல்லது காணின் அதுவே நிற்க. பேச்சு வழக்கில் பித்து என்பது இருக்கவே இருக்கிறது. அதன் பழைய இரக்கத்தோடு.

பெயர் மாறினால் நோய் மாறுமா என்று நகைப்போர் சப்பானைப் பார்க்க. அங்கே இந்நோய்க்கு 'உளம் பிளந்த நோய்' என்னும் பொருளில் ஒரு பெயர் இருந்தது. நோயரின் குடும்பத்தார் அமைப்பு 1993-இல் அதை மாற்றக் கோரிற்று. 2002-இல் அந்நாட்டு உளமருத்துவர் பேரவை 'ஒருங்கிணைவுக் குறை' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டியது. அதற்குமுன், நோயின் பெயரை நோயரிடமே சொல்ல மருத்துவர் வாய் கூசிற்று. அவ்வாண்டில் நோயரில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேரிடமே உண்மைப் பெயர் சொல்லப்பட்டது. 2004-இல் அது ஏறத்தாழ 70 ஆயிற்று. மாத்திரை அதே மாத்திரை. மருத்துவரும் அதே மருத்துவர். சொல் மாறியதும் உண்மையைப் பேச நா எழுந்தது. 2011-இல் கொரியரும் மாற்றினர். அவர்கள் எடுத்தது இசைக்கருவியின் நரம்பைப் பண்ணுக்கு இசைய முறுக்குவது என்னும் பொருளுடைய சொல். தளர்ந்த நரம்பை முறுக்கினால் இசை வரும். யாழ் பிறந்த நாட்டாருக்குத் தோன்றியிருக்கவேண்டிய உவமை கொரியருக்குத் தோன்றியது!

தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்கு அரசாணைக்குக் காத்திருக்கவேண்டா. 'சைக்கோ' என்னும் தலைப்போடு கொலைச் செய்தி வரும் ஒவ்வொரு நாளும், அந்நாளேட்டின் ஆசிரியர்க்கு அன்பர் ஒவ்வொருவரும் அஞ்சலட்டை ஒன்று விடுக்கவேண்டும். அதில் நீண்ட மடல் வேண்டா, வசையும் வேண்டா. இவர் நோயுற்றவர் என்று சொன்ன மருத்துவர் யார்? அவர் சொன்ன நோயின் பெயர் என்ன? இவ்விரு வினாக்களை எழுதிக் கையெழுத்திட்டு, ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுக. முதுகுன்றத்தார் முதுகுன்றம் என்றே எழுதுக.